பெயர் சொல்லாத பள்ளம்

பந்தம் அணைந்ததை முதலில் பார்த்தது என் மாமியார்தான். வாசலில் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏ மக்பால், இங்க வா" என்றாள். அத்தை என்னைத் திட்டாமல் கூப்பிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கையில் ஒட்டிய மாவோடு வெளியே ஓடினேன்.

வானத்தில் தீ இல்லை.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த தீ அது. எண்ணெய் வயலின் உயரமான குழாய் உச்சியில், இராத்திரி பகல் பார்க்காமல் எரியும். அதனால் எங்கள் ஊரில் சரியான இருட்டு என்று ஒன்று கிடையாது. ஜன்னலில் கம்பளத்தைத் தொங்கவிட்டால்தான் தூக்கம் வரும். சேவல்களுக்குப் பொழுது எப்போது விடிகிறது என்றே தெரியாது, கண்ட நேரத்தில் கூவும். அந்தப் பந்தத்தை நாங்கள் திட்டாத நாள் இல்லை. ஆனால் அது எரிகிறவரை பயமில்லை என்பதும் ஊருக்கே தெரியும். எண்ணெயோடு பூமிக்கு அடியிலிருந்து கிளம்பி வருகிற விஷவாயுவை அந்தத் தீதான் தின்றுகொண்டிருந்தது. தீ அணைந்துவிட்டால் வாயு எங்களைத் தேடி வரும்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காற்றுப் பையைப் பார்த்தோம். கம்பெனிக்காரர்கள் தெருக்கோடியில் கம்பம் நட்டு, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது சொல்லும். மற்ற ஊர்களில் கடிகாரம் பார்ப்பார்கள், நாங்கள் அதைப் பார்ப்போம். அன்றைக்கு அது துவைத்துக் காயப்போட்ட காலுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் புல்வெளியில் காற்றில்லாத நாள் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அது அன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்?

"மாமா எங்க அத்தை?"

"கீழ்ப்பக்கம்தான். பெரிய ஒட்டகம் குட்டி போடப் போகுதுன்னு விடிஞ்சதும் போனாரு."

என் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. ஏழு மாதக் குழந்தை உள்ளே இருக்கிற வயிறு. கம்பெனியிலிருந்து மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வந்த ஒருவன் பள்ளிக்கூடத்தில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துத்தான் ஓடும், அதனால் மேட்டுக்கு ஏறுங்கள் என்றான். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்படுங்கள் என்றான். நாற்றம் நின்றுவிட்டால் இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள், அப்போது செத்தது வாயு இல்லை, உங்கள் மூக்கு என்றான். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கீழ்ப்பக்கம் என்று நாங்கள் சொல்வது ஊருக்குக் கிழக்கே இருக்கிற ஒரு பள்ளத்தை. அதற்குப் பெயர் இருக்கிறது. என் மாமனாருடைய அப்பா வாலிபத்தில் அங்கே கிணறு வெட்டினாராம். ஊர் அவர் பெயரையே பள்ளத்துக்கு வைத்துவிட்டது. சோவியத் யூனியன் காலத்துக் கூட்டுப்பண்ணை அதிகாரிகள் அதை வரைபடத்திலும் ஏற்றிவிட்டார்கள். ஊருக்குப் பெருமைதான். எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் வம்பு. கஸாக் வீட்டு மருமகள் புருஷன் பக்கத்துப் பெரியவர்கள் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. பெரியவர் பெயரை ஒரு பள்ளத்துக்கு வைத்தால் பள்ளத்தின் பெயரும் போச்சு. அத்தைக்கு அது மாமனார் பெயர். எனக்கு அதற்கும் மேலே. ஆக வீட்டில் இருக்கிற இரண்டு பெண்களுக்கும் அந்த இடம் வெறும் கீழ்ப்பக்கம்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் விருந்தாளிகள் முன்னால், எங்கள் ஊர்க் கடைக்காரர் பெயரைச் சொல்லி, அவர் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றேன். கடைக்காரருக்கும் என் மாமனாருக்கும் ஒரே பெயர்.  அத்தை என் தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் எனக்கு மீசைக்காரர். இதை எழுதும்போதாவது பெயர்களை எழுதிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கை வரவில்லை. வரவேண்டிய இடத்தில் வரட்டும்.

சைரன் ஊதத் தொடங்கியது. ஒத்திகைக்கு ஊதுகிற சைரன் விட்டுவிட்டு வரும். இது நிற்கவே இல்லை.

"மாஸ்க்கு எங்க அத்தை? கம்பெனியில ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்களே?"

அத்தை முகம் செத்துப்போயிற்று. "பெட்டியில இருக்கு."

"எந்தப் பெட்டியில?"

"சீர்ப் பெட்டியிலதான். புதுசா இருக்கட்டுமேன்னு வச்சுப் பூட்டினேன்."

நல்ல பொருள் எதுவானாலும் அத்தையின் சீர்ப் பெட்டிக்குத்தான் போகும். பட்டுத் துணி, வெள்ளிக் காப்பு, என் கல்யாணப் போர்வை, அதற்கு மேல் விஷவாயு முகமூடி. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டில் நுழைக்க அவளுக்குக் கை ஓடவில்லை. நான்தான் பிடுங்கித் திறந்தேன். மூன்றும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. மூன்றாவது மாமாவுடையது. அதைப் பார்த்ததும் அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடப் பக்கம் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. ஊரை ஏற்றிக்கொண்டு போக வந்த பஸ். எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. பக்கத்து வீட்டார் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடியிருந்தார்கள்.

"நீ பஸ்ஸுக்குப் போ. வயித்துப் புள்ளக்காரி."

"நீங்க?"

"அவரு வராம நான் எங்க போக?"

என் புருஷன் வேறொரு எண்ணெய் வயலில் ஷிப்டு வேலைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து, எங்கப்பா எங்கே, எங்கம்மா எங்கே என்று கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பது? அதோடு, எனக்கு மாமாவைப் பிடிக்கும். கவிழ்த்துவைத்த கிண்ணத்தை அன்றைக்கு மறுபடி நிமிர்த்தித் தேநீர் ஊற்றியவர் அவர்தான். நான் போகவில்லை.

அவசரத்துக்குக் கூப்பிடுகிற போன் நம்பரை எல்லா வீட்டுச் சுவரிலும் கம்பெனியே பெயிண்டால் எழுதியிருந்தது. அழுத்தினேன். உடனே எடுத்தார்கள்.

"கண்ட்ரோல் ரூம், ரினாத் பேசறேன். சொல்லுங்க." சின்ன வயசுக் குரல். பேச்சிலேயே வெளியூர் தெரிந்தது.

"தம்பி, எங்க மாமனார் பள்ளத்துல இருக்காரு. ஒட்டகம் பார்க்கப் போனாரு. அங்க போனு எடுக்காது. சீக்கிரம் வண்டி அனுப்புங்க தம்பி."

"எந்தப் பள்ளம்க்கா?"

"ஊருக்குக் கிழக்க. கல்லறை மேட்டுக்குக் கீழ இருக்கே, அது."

"எந்தக் கல்லறை? உங்க பக்கம் மேட்டுக்கு மேடு கல்லறைதானே இருக்கு. பள்ளத்துக்குப் பேரு ஒண்ணு இருக்கும்ல? எங்கிட்ட மேப்புல பேருதான் போட்டிருக்கு."

அத்தையைப் பார்த்தேன். முறைப்பாள் என்று நினைத்தேன். அவள் முறைக்கவில்லை, நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மக்பால்" என்றாள் கிசுகிசுப்பாக. "இந்த நேரத்துல செத்தவரப் பேர் சொல்லிக் கூப்பிடாத. வந்து மகனக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு."

படித்தவள்தான் நான். மாவட்டத் தலைநகரில் இரண்டு வருஷம் கணக்கு வேலை பார்த்தவள். இதெல்லாம் பேச்சா என்று இன்னொரு நாள் கேட்டிருப்பேன். சைரன் காதைப் பிளக்கும்போது, அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டு எனக்கும் அது உண்மைதானோ என்று பட்டது.  ஏழு வருஷமாகச் சொல்லாத பெயர் ஒரு நொடியில் எங்கிருந்து வரும்?

"பழைய கிணறு இருக்குற பள்ளம் தம்பி. பக்கத்துல ஒடஞ்ச டிராக்டர் கெடக்கும்."

"கல்லறை, கிணறு... இருங்க... சரி, பிடிச்சுட்டேன். வண்டி கெளம்பிருச்சு. நீங்க மேட்டுல ஏறிக்குங்க."

என்னத்தைப் பிடித்தான் என்று நான் கேட்டிருக்கவேண்டும்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் நாட்டை அறிமுகப்படுத்தி எழுதுவார்கள், நான் படித்திருக்கிறேன். பரப்பு இவ்வளவு, ஜனம் இவ்வளவு, நிலத்துக்கு அடியில் எண்ணெய் இவ்வளவு, பணக்கார நாடு. அந்தப் பணக்கார நாட்டில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் எரிவாயுக் குழாய் ஒன்று தூர தேசத்துக்குப் போகிறது, நாங்கள் சாண வரட்டியில் சமைக்கிறோம். இதை யாரும் எழுதுவதில்லை. மேடு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லறை ஒன்றுதான் என்பதையும் எழுதுவதில்லை. உயிரோடிருப்பவர்களைத் தாழ்ந்த இடத்தில் குடிவைத்துவிட்டு, செத்தவர்களை உயரத்தில் வைத்திருக்கிறோம். அன்றைக்குப் பிழைக்கவேண்டும் என்றால் அவர்களிடம்தான் போகவேண்டியிருந்தது.

வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஏறினேன். முகமூடியை மாட்டிக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அத்தை இரண்டு முகமூடியை மார்போடு அணைத்தபடி எனக்கு முன்னால் போனாள். பாதி வழியிலேயே நாற்றம் வந்துவிட்டது. தினமும் லேசாக வருகிற நாற்றம்தான், அதற்குப் பழகியவர்கள்தான் நாங்கள். இது தொண்டையில் உட்கார்ந்தது.

மேட்டின் உச்சியில் கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கீழே பார்த்தோம்.

எண்ணெய் வயல் பக்கத்திலிருந்து வருகிற வறண்ட ஓடை நேராக அந்தப் பள்ளத்தில்தான் வந்து விழுகிறது. வாயுவைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் பெரிய ஒட்டகம் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிப் படுத்திருந்தது. ஒட்டகம் படுத்தாலும் கழுத்தை நிமிர்த்தித்தான் வைத்திருக்கும். கழுத்து சாய்ந்தால் அது படுத்திருக்கவில்லை என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கிணற்றுக் கல்லில் முதுகைச் சாய்த்து, குளிர்த் தொப்பியோடு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

வேலை நேரத்தில் உட்காருகிற மனுஷரே இல்லை என் மாமனார்.

"மாமா! மாமா!" என்று கத்தினேன். உருவம் அசையவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு யாராவது ஒருவர் மாமா. எவளோ எவரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"இந்தாங்க! இந்தாங்க!" என்று அத்தை கத்தினாள். "உங்களத்தான்! இந்தாங்க!" நாற்பது வருஷமாக அவள் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான். சமையலறையிலிருந்து முற்றத்துக்கு அது போதும். ஒரு பள்ளம் முழுக்க வாயு நிறைந்திருக்கும்போது போதவில்லை.

அப்போதுதான் வண்டியைப் பார்த்தேன். மஞ்சள் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு எவ்வளவு வேகமாக வந்ததோ, அவ்வளவு வேகமாக எங்களுக்கு வடக்கே, இன்னொரு கல்லறை மேட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அங்கேயும் ஒரு பள்ளம். அங்கேயும் ஒரு கிணறு இருந்திருக்கும்.

"அங்க இல்ல! அய்யோ, அங்க இல்லடா!" என்று அத்தை கையை வீசினாள். புழுதி அந்த மேட்டுக்குப் பின்னால் மறைந்தது.

என் போன் அடித்தது. ரினாத்.

"அக்கா, வண்டி போயிருச்சு, ஆளக் காணோம்ங்கறாங்க. சரியான எடந்தானா?"

"இல்ல தம்பி, வேற பள்ளத்துக்குப் போயிட்டாங்க! தெற்க வரச் சொல்லுங்க!"

"தெற்க வரிசையா பள்ளம் இருக்குக்கா! ஒவ்வொண்ணா இறங்கி ஏற நேரமில்ல. பேரச் சொல்லுங்க! என்னக்கா இது, பேர் தெரியாத ஊர்லயா இருக்கீங்க?" அவன் குரல் உடைந்திருந்தது. அவனும் பயந்துபோயிருந்தான்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

 பிடுங்கினவள் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பினாள். மூன்றாவது கல், அவளுடைய மாமனாருடையது. பெண்கள் அடக்கத்துக்குப் போவதில்லை என்பதால் அவள் அந்தக் கல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றதே கிடையாது. "மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள். "உங்க மகனுக்காகத்தான். அவர மட்டும் கூப்பிட்டுக்காதீங்க." அப்புறம் போனை வாயருகே வைத்துக் கத்தினாள்.

"இமங்காலி! இமங்காலி பள்ளம்! கேட்டுச்சாடா? இமங்காலி!"

"இமங்காலி... இருக்கு, இருக்கு! வண்டியத் திருப்பிட்டேன்! ஆளு பேரு என்னம்மா? ஸ்பீக்கர்ல கூப்பிடணும்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"இஸ்பசார்" என்றாள். முதல் தடவை காற்றாகத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "இஸ்பசார். என் புருஷன் பேரு இஸ்பசார்."

போனை என் கையில் திணித்துவிட்டு, தன் முகமூடியை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினாள். "நீ இங்கயே நில்லு. இறங்கினா காலை ஒடிப்பேன்." கொஞ்ச தூரம் போனவள் நின்றாள். முகமூடிக்குள்ளிருந்து கத்திப் பார்த்தாள். குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. கீழே உருவம் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது.

அவள் முகமூடியைக் கழற்றினாள்.

"அத்தை, வேணாம்!" என்று அலறினேன். அதே நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். நாற்றம் நின்றிருந்தது. உச்சியில் நிற்கிற எனக்கே மூக்கில் ஒன்றும் இல்லை. அந்த மஞ்சள் தொப்பிக்காரன் சொன்னது ஞாபகம் வந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டேன். அதன் பிறகு என்னாலும் கத்த முடியவில்லை. பார்க்க மட்டும்தான் முடிந்தது. வயிற்றுக்குள் குழந்தை ஓயாமல் உதைத்தது.

"இஸ்பசார்!" அத்தையின் குரல் பள்ளத்தில் மோதித் திரும்பி வந்தது. காற்றில்லாத நாளில் குரல் வெகு தூரம் போகும். "இஸ்பசார்! எந்திரி, கெழட்டு ஒட்டகமே! எந்திரிச்சு மேல வா! இஸ்பசார்!"

தொப்பி நிமிர்ந்தது.

"இஸ்பசார்! யாரப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க? இங்க பாரு! இங்க!"

அவர் கையை ஊன்றினார். விழுந்தார். மறுபடி ஊன்றினார். நடக்கவில்லை, தவழ்ந்தார். அத்தை திட்டத் திட்ட, கிணற்றிலிருந்து சரிவின் அடிவரை தவழ்ந்து வந்தார். அங்கே முகம் குப்புறக் கிடந்துவிட்டார். அத்தை இறங்கிப் போய், கையிலிருந்த மாஸ்க்கை அவர் முகத்தில் அழுத்தி, கோட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டடி இழுத்தாள், உட்கார்ந்தாள். மறுபடி இழுத்தாள். தன் மாஸ்க் தோளில் தொங்குவதே அவளுக்குத் தெரியவில்லை. நான் எனக்குத் தெரிந்த தொழுகை வார்த்தைகளையெல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

மஞ்சள் வண்டி மேட்டைச் சுற்றி வந்தபோது ஸ்பீக்கரில் யாரோ மாமாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய இரண்டு பேர் குதித்து ஓடினார்கள். இரண்டு பேரையும் தூக்கித்தான் வந்தார்கள். அத்தையும் அதற்குள் நினைவு தப்பியிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மாமா வாய் திறந்து பேசினார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. பக்கத்துக் கட்டிலில் அத்தை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"மக்பால்" என்றார் மாமா. "அன்னைக்கு வலியே இல்லம்மா. நல்லா தூக்கம் வந்துச்சு. யாரோ மாமா மாமான்னாங்க, எனக்கென்னன்னு இருந்தேன். அப்பறம் இவ பேர் சொல்லிக் கூப்பிட்டா பாரு. சரி, செத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஏன் மாமா?"

"உசிரோட இருக்கறவரைக்கும் இவ என் பேரச் சொல்லமாட்டாளே. அதான் செத்துட்டேன்னு நெனச்சு அப்படியே கெடந்தேன். இனிமே எந்திரிச்சு என்ன பண்ண?" அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். "அப்பறம் கெழட்டு ஒட்டகம்னா. செத்தவன யாரும் திட்டமாட்டாங்களேன்னு தோணுச்சு. அதான் எந்திரிச்சேன்."

"ஏ மக்பால்" என்றது சுவர்ப் பக்கத்துக் குரல். "மனுஷன் ரொம்பப் பேசறாரு. வாய மூடிக்கிட்டுப் படுக்கச் சொல்லு."

நாங்கள் வீடு திரும்பியபோது பந்தம் மறுபடி எரிந்துகொண்டிருந்தது. சிறிய கோளாறு, மக்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று டிவியில் சொல்லி முடித்திருந்தார்கள். செத்த ஒட்டகத்தையும், பிறக்காமல் போன அதன் குட்டியையும் புதைத்துவிட்டிருந்தார்கள். முகமூடிகள் இப்போது கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகின்றன. சீர்ப் பெட்டிக்குப் பூட்டே இல்லை. எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா மீதமுள்ள ஒட்டகங்களோடு அதே பள்ளத்துக்குத்தான் போகிறார். வேறு எங்கே போவார், கிணறு அங்கேதானே இருக்கிறது.

பழைய வழக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. அத்தை அவரை மறுபடி "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளம் மறுபடி கீழ்ப்பக்கம் ஆகிவிட்டது. மீசைக்காரர் பெயரை நான் இன்னமும் சொல்வதில்லை.

காற்றுப் பை தொங்குகிற நாட்களில் மட்டும் ஒன்று நடக்கிறது. அத்தை காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு வரட்டி அடுப்பின் முன்னால் உட்காருகிறாள். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "இஸ்பசார், இஸ்பசார்" என்று சொல்லிப் பார்க்கிறாள். மறுபடி தேவைப்பட்டால் வாய் எழவேண்டுமே என்று பயம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கேட்காத மாதிரி வெளியே போய்விடுகிறேன்.